மகாராணியின் வீட்டுக்காரர்

ஸ்ரீமுஷ்ணம் பஸ் நிலையத்தில் எந்தப் பக்கம் போகிற வண்டியில் ஏறினாலும் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வீட்டுச் சண்டையில்தான் போய் இறங்க வேண்டும். வடமேற்கே விருத்தாசலம்: மகாராணி கருங்கல்லில் எடுத்துக் கட்டிய கோயில். கிழக்கே சிதம்பரம்: அந்த அம்மாளின் வீட்டுக்காரர் பதிகம் பாடிய தலம். தென்கிழக்கே காட்டுமன்னார்கோயில்: இவர்களுடைய பிள்ளைக்குப் பட்டம் கிடைக்க வழிவிட்ட கொலையின் தீர்ப்பு, உடையார்குடிக் கோயில் சுவரில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம், படிக்கத் தெரிந்தால்.

நடுவில் எங்கள் பூவராகப் பெருமாள். பங்காளித் தகராறு எப்போதடா முடியும் என்று திண்ணையோரம் காத்திருக்கும் ஊர்ப்பெரியவர் மாதிரி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார். பூமியையே தூக்கிக்கொண்டு வந்தவருக்கு இந்தத் தகராறெல்லாம் சில்லறை. பிரசாதமே கோரைக்கிழங்குதான், வராகத்துக்கு வேறென்ன வைப்பது? சம்சாரத்தைக் காப்பாற்றக் கடலுக்கடியில் போய் அசுரனோடு சண்டை போட்ட புருஷன் அவர். சோழ நாட்டில் கதை தலைகீழ். அங்கே சம்சாரம்தான் தூக்கினார். புருஷன் பாட்டுப் பாடினார்.

அந்தப் புருஷன் பெயர் கண்டராதித்தர். சம்சாரம் செம்பியன் மாதேவி, மழவரையர் வீட்டுப் பெண். முறைப்படி பார்த்தால் அவர் சக்கரவர்த்தி, இவர் பட்டத்தரசி. ஆயிரம் வருஷம் கழித்துப் பார்த்தால் இவர் பெயரைச் சொல்லித்தான் அவரை அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் மாமனார். முதலாம் பராந்தகர் 907இல் பட்டத்துக்கு வந்தவர், ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆண்டவர். ‘மதுரையும் ஈழமும் கொண்ட கோப்பரகேசரி’ என்று எழுதிக்கொண்டார். சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தார். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிக் கிடக்கும் ஏரிக்கும் தன் பட்டப்பெயரையே வைத்தார். வீரநாராயணன் ஏரி, வாயில் தேய்ந்து வீராணம் ஆனது. 2004 முதல் சென்னைக்காரர்கள் குழாயைத் திறந்து குடிப்பது பராந்தகரின் பட்டப்பெயரைத்தான்.

மூத்த மகன் ராஜாதித்தர் நல்ல வீரர். வடக்கே ராஷ்டிரகூடர் வரப்போகிறார்கள் என்று தெரிந்து, திருநாவலூரில் பெரும்படையோடு போய் உட்கார்ந்தார். நம்ம பண்ருட்டிப் பக்கம்தான். உட்கார்ந்தது நாள்கணக்கில் அல்ல, வருஷக்கணக்கில். அவர் படைத்தலைவர், மலையாள நாட்டு வெள்ளங்குமரன், காத்திருந்த நேரத்தில் பெண்ணையாற்றங்கரைக் கிராமத்தில் ஒரு சிவன் கோயிலே கட்டி முடித்துவிட்டார். ராணுவத்துக்கு வேலை இல்லாவிட்டால் கோயில் வரும் என்பதற்கு 943ஆம் ஆண்டே ஆதாரம் இருக்கிறது. கடைசியில் 949இல் தக்கோலத்தில் சண்டை வந்தது. எதிரே மூன்றாம் கிருஷ்ணன். அவனோடு கங்க மன்னன் பூதுகன். யானை மேலிருந்த ராஜாதித்தரை, யானை மேலேயே முடித்துவிட்டான் பூதுகன்.

அதோடு முடியவில்லை. மூன்றாம் கிருஷ்ணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ என்று பட்டம் போட்டுக்கொண்டான். பராந்தகர் ‘மதுரையும் ஈழமும்’ என்றால், இவன் ‘கச்சியும் தஞ்சையும்’. ராஜாதித்தர் பாசறை போட்டிருந்த அதே திருநாவலூர்க் கோயிலில் கன்னரதேவன் கல்வெட்டு ஏறியது. தொண்டை மண்டலம் மொத்தமும் போய், எல்லைக்கோடு நம் பக்கம் இறங்கிவந்துவிட்டது.

இப்படியொரு நாட்டைத்தான் இரண்டாவது மகன் கையில் கொடுத்தார்கள். இரண்டாவது மகனுக்கு அரசாட்சியில் ஆசை இருந்த மாதிரித் தெரியவில்லை. அவருக்குப் பிடித்தவர் தில்லைக் கூத்தர். ஒன்பதாம் திருமுறையில் சேர்ந்திருக்கிற அவருடைய திருவிசைப்பாப் பதிகம் ஒன்றுதான் அவர் கைப்பட விட்டுப்போனது. அதில் தன்னைத் தஞ்சைக்கு அரசன் என்று சொல்லிக்கொள்கிறார். அப்பா ஈழமும் பாண்டிய நாடும் வென்றதையும், அம்பலத்துக்குப் பொன் வேய்ந்ததையும் எட்டாம் பாட்டில் சேர்க்கிறார். தன் சொந்தப் போர்க்கணக்கு ஒரு வரிகூட இல்லை. இருந்தால்தானே எழுதுவதற்கு.

அரண்மனையில் அந்த நாளில் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். கல்வெட்டு ஆதாரம் கேட்காதீர்கள்.

“ஏங்க, கன்னரதேவன் ஆளுங்க திருநாவலூர்க் கோயில்ல விளக்கு வைக்கிறாங்களாம்.”

“விளக்குதானே வைக்கிறாங்க? வைக்கட்டும். நந்தா விளக்கா, சந்தி விளக்கா?”

“விளக்கு எதுவா இருந்தா என்னங்க, ஊர் நம்ம ஊரு இல்லையா?”

“சாமி யாருடைய சாமி? ஏழு பாட்டு முடிஞ்சிருக்கு, இந்தாம்மா, எட்டாவதுல அப்பாவைக் கொண்டுவரலாமான்னு பார்க்கிறேன்.”

“கொண்டுவாங்க. சண்டையில ஜெயிச்சவங்க நம்ம வீட்டுல அவர் ஒருத்தர்தான்.”

இதை நான் கிண்டலுக்குச் சொன்னாலும், அவர் செய்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம் இல்லை என்றே எனக்குப் படுகிறது. தக்கோலத்துக்குப் பிறகு படையும் கஜானாவும் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும்! உடனே மீசையை முறுக்கிக்கொண்டு வடக்கே கிளம்பியிருந்தால் தஞ்சாவூரும் போயிருக்கும். சும்மா இருப்பதும் ஒரு ராஜதந்திரம்தான், என்ன, அதற்கு மெய்க்கீர்த்தி எழுதமுடியாது.

சோழர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ராஜா செத்தால், எங்கே செத்தார் என்பதையே பட்டப்பெயராக்கிவிடுவார்கள். ராஜாதித்தர் ‘ஆனைமேல் துஞ்சின’ தேவர். தம்பி அரிஞ்சயர் ‘ஆற்றூர்த் துஞ்சின’ தேவர். அரிஞ்சயர் மகன் சுந்தர சோழர் ‘பொன்மாளிகைத் துஞ்சின’ தேவர், அது காஞ்சிபுரத்தில். தபால்காரர் தேடி வந்தால்கூடக் குழப்பம் இல்லை. நம் ஆள் மட்டும் ‘மேற்கெழுந்தருளின தேவர்’. மேற்கே எங்கே? சொல்லவில்லை. ஏன்? சொல்லவில்லை. தல யாத்திரை போனார் என்கிறார்கள் சிலர். சிவலோகம் போனதைத்தான் அப்படி நாசூக்காகச் சொன்னார்கள் என்கிறார்கள் சிலர். ராஜ்ஜியத்தை ஒப்படைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ‘இதோ வந்துடறேன்’ என்று கிளம்பியவர் என்றே நான் வைத்துக்கொள்கிறேன். 957க்குள் கதை முடிந்துவிட்டது.

கைம்பெண்ணாகச் செம்பியன் மாதேவி நின்றபோது கையில் சின்னப் பிள்ளை, மதுராந்தகன். பட்டம் கொழுந்தனார் அரிஞ்சயருக்குப் போனது. அவர் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட, அவர் மகன் சுந்தர சோழர் வந்தார். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு சண்டைக்கார நாட்டை ஆளமுடியாது என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அம்மாள் பதில் பேசியதாகத் தெரியவில்லை. சிற்பிக்குச் சொல்லியனுப்பினார்.

அவருடைய பெயர் 941லேயே, மாமனார் காலத்திலேயே, ஒரு கொடைக் கல்வெட்டில் வந்துவிடுகிறது. கடைசியாக வருவது 1001இல். அறுபது வருஷம்! பராந்தகர், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், உத்தம சோழர், ராஜராஜர் என்று ஆறு ராஜாக்கள் வந்தார்கள். ராஜாக்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; கோயில் கணக்கில் அந்த அம்மாள் பெயர் மட்டும் மாறாமல் இருந்தது. சுந்தர சோழர் இறந்தபோது அவர் மனைவி வானவன் மாதேவி, பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறினார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு மெய்சிலிர்த்துப் பாராட்டுகிறது. செம்பியன் மாதேவி ஏறவில்லை. அதற்காக அவரை யாரும் கல்லில் பாராட்டவில்லை. ஏறியிருந்தால் விருத்தாசலத்தில் கருங்கல் ஏறியிருக்காது, நான் பாராட்டிவிடுகிறேன்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை, கேட்க எளிதாக இருக்கும்: செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக்குவது. தேவாரம் பாடப்பட்ட கோயில்களில் நிறைய, அந்தக் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். மழை பெய்தால் மூவர் பாடிய சுவர் மூன்றாவது வருஷம் கரையும். திருநல்லம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை, குத்தாலம், திருவாரூர் அரநெறி, விருத்தாசலம் என்று காவிரிக் கரையிலிருந்து மணிமுத்தாறு வரை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டினார். கருவறைச் சுவரில் ஆடவல்லானுக்கும் ஒரு மாடம் வைத்தார். வீட்டுக்காரருக்குப் பிடித்த சாமி அல்லவா!

எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடம் திருக்கோடிகாவல். கோயிலைப் பிரிக்கும்போது பழைய கல்வெட்டுகள் கிடந்தன. அவர் காலத்துக்கு முன்னால் யாரோ, எந்த ராஜா காலத்திலோ, விளக்குக்கும் நெல்லுக்கும் கொடுத்த கணக்கு. இந்த இடத்தில் ஒரு சராசரித் திருப்பணிக்காரர் என்ன செய்வார்?

“அம்மா, பழைய கல்லெல்லாம் வழியில கிடக்குதுங்க. அஸ்திவாரத்துல போட்டுடலாங்களா?”

“எழுத்து இருக்குதா அதுல?”

“இருக்குதுங்க. நம்ம ராஜா பேரு இல்லீங்க. பழசு.”

“படிச்சுப் புதுச் சுவர்ல எழுது. எழுதிட்டு, இது பழங்கல்லுப் படின்னும் எழுது. அப்புறம் எங்க வேணும்னாலும் போடு.”

எழுதியிருக்கிறார்கள். இது பழைய கல்லின் படி என்று குறிப்போடு எழுதியிருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்னால் ஒரு சான்றொப்பமிட்ட நகல். இன்றைக்குத் திருப்பணி என்று சொல்லி மணலைப் பீய்ச்சி எழுத்தை அழிக்கிறவர்களையும், கல்வெட்டின் மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறவர்களையும் அந்த அம்மாள் முன்னால் ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டும். வேறு தண்டனை வேண்டாம்.

கட்டிவிட்டுப் போவதோடு விடவில்லை. விளக்கு எரிய வேண்டும், நெய் வேண்டும். ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு, சில இடங்களில் 96. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினம் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. செத்தது செத்தாலும் குட்டி போட்டது கணக்கில் ஏறும். ஆகவே ஏட்டில் எந்த ஆடும் சாவதில்லை, கிழடாவதும் இல்லை. ராஜாக்கள் யானை மேலும் ஆற்றூரிலும் பொன்மாளிகையிலும் துஞ்சிக்கொண்டிருந்த காலத்தில் சோழ நாட்டில் சாகா வரம் பெற்றிருந்தது ஆடுகள் மட்டும்தான்.

இனி அந்தக் கொலை. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன், வீரபாண்டியன் தலையைக் கொண்டவன், பட்டத்து இளவரசன், கொல்லப்பட்டான். அடுத்து 971 வாக்கில் பட்டம் யாருக்கு வந்தது? மேற்கே போன ராஜாவின் பிள்ளைக்கு. மதுராந்தகன், உத்தம சோழர் ஆனார். சுமார் பதினைந்து வருஷம் ஆண்டார். அந்தப் பதினைந்து வருஷத்தில் கொலைகாரர்களை யாரும் தொட்டதாகத் தடயம் இல்லை. ராஜராஜர் 985இல் வந்தார். இரண்டாம் ஆட்சியாண்டில் உடையார்குடிச் சபைக்கு ஓலை வருகிறது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிசோழ பிரம்மாதிராஜன். நிலமெல்லாம் பறிமுதல். இவர்கள் நிலம் மட்டுமா? பிள்ளைகள், பெரியப்பன்மார், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், கூடப்பிறந்தவளைக் கட்டின மாப்பிள்ளைகள் வரை பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலைப் படித்தால் சம்பந்தம் பேசுவதற்கு முன் எதை விசாரிக்க வேண்டும் என்பது விளங்கும்.

உத்தம சோழருக்குக் கொலையில் பங்கு இருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். இல்லவே இல்லை என்றார் சதாசிவ பண்டாரத்தார். கல்கி ஒரு படி மேலே போய், ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் பிள்ளையையே மாற்றிவிட்டார்: அரண்மனையில் வளர்ந்தவன் வேறு, வயிற்றில் பிறந்தவன் வேறு. கல்வெட்டுகளில் இந்த அம்மாளுக்கு ஒரு விசேஷ அடைமொழி உண்டு. ‘உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த பிராட்டியார்’. பெற்றது நான்தான் என்று கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். பின்னால் ஒருவர் தொடர்கதை எழுதுவார் என்று சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

அவருக்கு எவ்வளவு தெரியும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தெரியாமல் இருந்திருக்கும் என்று நம்ப எனக்கு ஆசை. அரண்மனையில் அறுபது வருஷம் இருந்தவருக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அது அவர் புத்திக்கு அவமரியாதை.

உத்தமர் பட்டத்துக்கு வந்தபின் அம்மாளுக்குப் பொற்காலம். திருநல்லம், இப்போதைய கோனேரிராஜபுரம், அங்கே போய்த் தெற்குச் சுவரைப் பாருங்கள். ஒருவர் லிங்கத்தின் முன் உட்கார்ந்து கும்பிடுகிறார். கீழே எழுத்து: மகன் உத்தம சோழர் ஆள்கிற காலத்தில், வீட்டுக்காரர் கண்டராதித்தர் பெயரால், செம்பியன் மாதேவியார் கட்டிய கற்கோயில் இது, அவர் கும்பிடுவதாக எழுந்தருளுவித்த உருவம் இது. புருஷன், பிள்ளை, சாமி மூவரும் ஒரே வாக்கியத்தில். எழுவாய் மட்டும் அவர். குடும்ப போட்டோவில் தான் நிற்காமல் போட்டோ எடுத்த ஆள் அந்த அம்மாள். கோயிலை நிமிர்த்திய ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தனின் பெயரையும் போட்டிருக்கிறார். அவனுக்கு ‘ராஜகேசரி மூவேந்த வேளான்’ என்று பட்டமும் கொடுத்திருக்கிறார்கள். கட்டிய மேஸ்திரி பெயரை இன்றைக்கு எந்தத் திறப்பு விழாக் கல்வெட்டில் பார்க்கிறோம்?

விருத்தாசலத்தில் கருங்கல் ஏறியது 981 வாக்கில். எல்லை இறங்கிவந்த அதே பகுதி. கன்னரதேவன் படையோடு வந்து பெயர் எழுதிப்போன திசையில் இந்த அம்மாள் சிற்பியையும் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். படையால் மீட்டதை மறுபடி படையால் பிடுங்கலாம். கற்கோயிலையும் ஆட்டையும் விளக்கையும் நிலத்தையும் ஊர்ச்சபையோடு முடிச்சுப்போட்டு வைத்தால், அடுத்து வருகிறவன் யாராக இருந்தாலும் அந்தக் கணக்கை நடத்தித்தான் ஆகவேண்டும்.

நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயரிலேயே ஓர் ஊர். அங்கே கைலாசநாதர் கோயில். சித்திரை மாதக் கேட்டை, அம்மாள் பிறந்த நாள். அன்றைக்குச் சாப்பாடு போட உத்தம சோழரின் பட்டத்தரசி ஏற்பாடு செய்திருக்கிறார். மற்ற மருமகள்களும் அதே கோயிலுக்குக் கொடை எழுதியிருக்கிறார்கள்: இருங்கோளர் மகள், பழுவேட்டரையர் மகள், விழுப்பரையர் மகள். எல்லோரும் மாமியார் கோயிலிலேயே கொண்டுபோய்க் கொட்டியிருப்பதைப் பார்த்தால், யார் எவ்வளவு போட்டார்கள் என்று அம்மாள் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார் என்ற பயமும் கொஞ்சம் இருந்திருக்கும். அவர் சாயலில் வார்த்ததாக ஆராய்ச்சியாளர்கள் சிலர் நம்புகிற செப்புத்திருமேனி ஒன்று இன்று வாஷிங்டனில், ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1929இல் வாங்கினார்கள். பார்வதியா, மகாராணியா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. எனக்கு அந்த மூக்கைப் பார்த்தால் மகாராணி என்றுதான் படுகிறது. பார்வதிக்கு அவ்வளவு கவலை இருக்க நியாயம் இல்லை.

உத்தமருக்குப் பின் பட்டம் அவர் பிள்ளைக்குப் போகவில்லை, கரிகாலனின் தம்பி அருள்மொழிக்கு, அதாவது ராஜராஜருக்குப் போனது. சிற்றப்பாவுக்கு ஆசை இருந்ததால் அருள்மொழி மனத்தாலும் பட்டத்தை விரும்பாமல் ஒதுங்கி நின்றார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு உருகுகிறது. உருகியது அவர் மகன் காலத்தில், அப்போது உருகலாம். ஆனால் உத்தமரின் பிள்ளையைச் சிறையில் போடவில்லை, கண்ணைப் பிடுங்கவில்லை. பாட்டனார் பெயர் வைத்த மதுராந்தகன் கண்டராதித்தனுக்கு ராஜராஜர் ஓர் உத்தியோகம் போட்டுக்கொடுத்தார்: கோயில் கணக்குப் பார்ப்பது. பாட்டி ராஜராஜர் ஆட்சியிலும் கொடை கொடுத்துக்கொண்டிருந்தார். திருவக்கரையில் செங்கல் தளியைக் கல்லாக்கியது 1001இல்.

பேரன் ஒருதரம் திருவல்லம் போனார், ராஜராஜரின் ஏழாம் ஆட்சியாண்டில். சாமிக்கு ஆயிரம் குடம் தண்ணீர் அபிஷேகம் செய்துவிட்டு நைவேத்தியத்தைப் பார்த்தால் இரண்டு நாழி அரிசி. கறியமுது இல்லை. நெய் இல்லை, தயிர் இல்லை. நந்தா விளக்கு எரியவில்லை. சிவபிராமணர்களையும் ஊராரையும் அங்கேயே கூப்பிட்டு, வரவு செலவுக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். தனக்கு அண்ணன் முறையான ஆதித்த கரிகாலன் கொலைக்குப் பதினைந்து வருஷம் யாரையும் கணக்குக் கேட்காத வீட்டுப் பிள்ளை. தயிருக்கு நின்ற நிலையில் கேட்டார்.